பிரைரி மெடோஸ் பம்பும் ஒன்பது வீட்டு வேண்டாம்களும்

7, பிரைரி மெடோஸ்,
செவ்வாய், 18 அக்டோபர் 2011. மழை. நேற்றும் இதே.

கடல் தாண்டி பாஸ்டனில் குடியிருந்தாலும் என் காதைத் திருகும் உரிமையை இன்றுவரை விட்டுக்கொடுக்காத மூத்த அக்கா அசம்ப்டா அவர்களுக்கு, உடன்பிறந்த தம்பி மாலக்கி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுதுவது.

உன் முழங்கால் வலி குறைந்து, ரத்தக் கொதிப்பு இறங்கி, நீ படியேறி இறங்கிச் சௌகரியமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் அட்ராக்டாவும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் விவரம் வேண்டுமானால் தொடர்ந்து படி, வேண்டாம் என்றால் இத்தோடு மடித்து வைத்துவிட்டு ஒரு செபமாலை சொல். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைத் துரத்திவிட்டது உனக்குத் தெரியும். வாத்தியார் சைக்கிளில் காற்றைப் பிடுங்கியது நீ, அடி வாங்கியது நான். அதனால் புள்ளி, கமா இல்லாத இடத்தில் நீயே போட்டுக்கொள், அதுதான் நியாயம். போனில் இதையெல்லாம் சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்தவுடன் உன் தம்பி பெண்டாட்டி அட்ராக்டா என்ன செய்கிறாள் தெரியுமா, விலாவில் முழங்கையால் இடித்து, "நல்லா இருக்கோம்னு சொல்லு" என்கிறாள். அவள் முழங்கை உன் முழங்காலைவிட மோசம்.

நாங்கள் குடியிருக்கும் இடத்தைப் பற்றி முதலில். நாற்பத்திரண்டு வீடு கட்டப்போவதாக வாசல் பலகை சொன்னது. அந்தப் பலகை ஒன்றுதான் முழுசாகக் கட்டி முடிக்கப்பட்டது. ஒன்பது வீட்டில் ஆள் இருக்கிறோம், பதினாலு வீட்டுக்குக் கூரை உண்டு, ஜன்னல் இல்லை, மீதி இடத்தில் சிமெண்டுத் தரையிலிருந்து கம்பி முளைத்து நிற்கிறது, மழைக்கு அதுவும் வளர்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பெயர்தான் மடத்துப் புல்வெளி. மடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, புல்வெளி இருந்தது, அதை நாங்கள்தான் தோண்டித் தொலைத்தோம். இருபத்துமூன்று வீட்டுக்கும் உட்பூச்சு என் கைவேலை. பூசிய வீட்டையே வாங்கினேன், சமைத்தவனே உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி. அப்படிச் சாப்பிடுகிறவனுக்கு ஒன்று சமையலில் நம்பிக்கை இருக்க வேண்டும், இல்லை கொலைப்பசி இருக்க வேண்டும். எனக்கு நம்பிக்கைதான் இருந்தது, சொன்னால் சிரிப்பாய். வீட்டு விலையெல்லாம் விழுந்த வருஷம் பில்டர் போர்ச்சுகலுக்கு கோல்ஃப் விளையாடப் போனார், மூன்று வருஷமாக அந்த ஆட்டம் முடியவில்லை.

தெருவிளக்கு எரியாததைப் பற்றி நான் பேசப்போவதில்லை, விளக்குக் கம்பத்துக்கு விளக்கு அவசியமா என்ன. விஷயம் பம்ப். ஊர்ச் சாக்கடைக் குழாய் மேட்டில் இருக்கிறது, நாங்கள் பள்ளத்தில் இருக்கிறோம். எங்கள் ஒன்பது வீட்டுக் கழிவும் கீழே ஒரு தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து பம்ப் அதை மேலே தள்ளினால்தான் நாங்கள் மனுஷராக வாழலாம். பம்ப் ஒரு நாள் நின்றால் அத்தனையும் திரும்பி, மிகத் தாழ்வில் இருக்கும் முதல் நம்பர் வீட்டில், குளியலறைத் தரைத் துவாரம் வழியாக, கதவைத் தட்டாமல் வரும். அது டீலியா ஃபீரிக் வீடு. அறுபது வயது, தனி மனுஷி, இருபத்தாறு வருஷம் கசாப்புக் கடை மாடியில் ஒற்றை அறையில் இருந்துவிட்டு முதல்முதலாகச் சொந்த வாசற்கதவு என்று ஒன்றைக் கண்டவள். அந்தக் கதவுக்கு மாதம் ஒரு தடவை மெருகு போடுவாள். இப்போது, திவாலான பில்டர் கம்பெனியின் விவகாரத்தைப் பார்க்கிற டப்ளின் ஆபீஸிலிருந்து கடிதம்: நவம்பர் முதல் தேதி, அனைத்துப் புனிதர் திருநாளன்று, பம்புக்கு மின்சாரம் நிறுத்தப்படும். ஆனால் மாவட்டக் கவுன்சிலில் இந்த மாதிரிப் பாதியில் நின்ற குடியிருப்புகளுக்கு உதவ ஒரு திட்டம் வந்திருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர்களில் யாராவது கேட்டுக்கொண்டால் பம்பைக் கவுன்சிலே எடுத்து நடத்தும். எல்லோரும் கேட்க வேண்டியதில்லை அக்கா. ஒரே ஒரு வீடு ஆமாம் என்றால் போதும்.

ஒரே ஒரு வீடு. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

செப்டம்பரில் கவுன்சில் என்ஜினியர் வந்தார். பெயர் ஹென்னிங். ஜெர்மன்காரர், ஆறடி நாலங்குலம், நம் நாட்டுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. நல்ல மனுஷர், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என்ன, ஒருவரைக் கேள்வி கேட்டால் அவர் சொல்லும் பதிலை அப்படியே நம்பிவிடுகிறார். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? எதைக் கொடுத்தாலும் முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது வேண்டாம் அடக்கத்துக்கு, மூன்றாவது தடவை கேட்டால்தான் கையை நீட்டுவோம். யூஜின் சித்தப்பா ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு உடைந்து கிடந்தபோது, வலிக்கு ஊசி போடட்டுமா என்று டாக்டர் கேட்க, "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்று சொல்லிவிட்டு, டாக்டர் மறுபடி அந்தப் பக்கம் வரும்வரை கட்டில் கம்பியைக் கடித்துக்கொண்டு கிடந்தாரே, அந்த ரத்தம்தானே நாமும்.

ஹென்னிங் முதல் நம்பரில் ஆரம்பித்தார். தெரு வளைந்து முடிகிற இடத்தில் இருக்கும் எங்கள் வீடுதான் அவருக்குக் கடைசி, ஆனால் டீலியா வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே வேலி. நான் அந்த வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கவுன்சில் இந்தப் பம்பைப் பொறுப்பேற்க வேண்டுமா, அம்மா?"

"ஐயோ, எதுக்குங்க உங்களுக்கு வீண் சிரமம்," என்றாள் டீலியா.

"நன்றி," என்று சொல்லி அதை எழுதிக்கொண்டார்!

டீலியா இரண்டாவது கேள்விக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறாள். அது வரவில்லை. வராததை அவள் எப்படிக் கேட்டு வாங்குவாள்? அதனால் அவள் தன் கேள்வியை ஆரம்பித்தாள்.

"ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க."

"வேண்டாம், குடித்துவிட்டுத்தான் வந்தேன்."

"அரை கப்."

"வேண்டாம், நன்றி."

"கால் கப்பு, சும்மா நாக்கை நனைச்சுக்க."

"அம்மா, எனக்கு டீ பிடிக்காது."

"பிடிக்காட்டி என்னங்க, சூடா இருக்கும்ல!"

குடித்தார். ஒன்பது வீட்டிலும் குடித்தார். அந்த ஒன்பது வீட்டிலும் அவர் ஒரு தடவைதான் கேட்டார், அத்தனை பேரும் வேண்டாம் என்றோம். எங்கள் வீட்டுக்கு வரும்போது கோட்டுப் பையில் மூன்று ஹாம் சாண்ட்விச்சும், கையில் ஒரு முழு உலர்திராட்சை ரொட்டியும், நெற்றியில் வியர்வையும் இருந்தன. அட்ராக்டா வேறு என்ன சொன்னாள் என்று நினைக்கிறாய். "எங்களைவிட மோசமான நெலமையில எத்தனையோ பேரு இருப்பாங்க, பாவம், அவங்களைப் பாருங்க" என்றாள். நான் அவள் பின்னால் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன், அவள் சொன்னதற்கு. அப்புறம் மனுஷர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். அன்று காலையிலிருந்தே பம்ப் படுத்துவிட்டது. "தாராளமா போங்க!" என்று அட்ராக்டா அவரை உள்ளே அனுப்பிவிட்டு, குழாயில் பொங்கி நிற்பதை அள்ளிக் கொட்ட என்னை வாளியோடு தோட்டத்துக்கு விரட்டிவிட்டு, பம்ப் ஓடாத அமைதி அந்த மனுஷர் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று கதவுக்கு வெளியே நின்று பூசைப் பாட்டு பாடினாள். என்ஜினியருக்கு எதைக் காட்ட வேண்டுமோ, அதை மட்டும் ஒன்பது வீடும் சேர்ந்து மறைத்தோம்.

பத்து நாளில் கவுன்சிலிலிருந்து பதில். "குடியிருக்கும் ஒன்பது குடும்பங்களும் உதவி தேவையில்லை எனத் தெரிவித்ததைக் கவுன்சில் மகிழ்ச்சியுடன் குறித்துக்கொள்கிறது." மகிழ்ச்சியுடனாம்.

அன்றைக்கே எல்லோரும் மாதிரி வீட்டில் கூடினோம். விற்காத வீடு, வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகச் சாமான் போட்டு வைத்தது. தட்டில் பிளாஸ்டிக் ஆப்பிள், சுவரோரம் அட்டையில் செய்த டிவி. ஊரிலேயே மிக நன்றாகக் கட்டிய வீடு அதுதான், ஏனென்றால் அதில் யாரும் வாழப்போவதில்லை.

"டீலியாக்கா, நீங்க ஏன் வேண்டாம்னு சொன்னீங்க? உங்க வீட்டுக்குள்ளதானே வருது!" என்று அட்ராக்டா பிடித்துக்கொண்டாள்.

"நீ ஆமான்னு சொல்லிடுவேன்னு நெனச்சேம்மா. மொத வீடே கையேந்துனா நல்லாவா இருக்கும்?"

"கடைசி வீட்டுக்காரி ஆமான்னா, மத்த எட்டுப் பேரும் மானஸ்தங்க, இவதான் அலைஞ்சான்னு ஆகாதா?"

நான் நாலாம் நம்பர் பொஷேனாவைப் பார்த்தேன். போலந்துக்காரி, நறுக்கென்று பேசுவாள். "உனக்கு என்ன வந்தது? நீயாவது சொல்லியிருக்கலாமே. உங்க ஊர்ல இந்தக் கெட்ட பழக்கம் கெடையாதே," என்றேன்.

அவளுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "இந்த ஊருக்கு வந்த புதுசுல டீ வேணுமான்னு கேட்டீங்க. வேணும், சர்க்கரை ரெண்டுன்னு சொன்னேன். அன்னிக்கு நீங்க எல்லாரும் என்னைப் பாத்த பார்வை இருக்கே! என்னமோ உங்க கல்யாண மோதிரத்தைக் கழட்டிக் குடுன்னு கேட்டுட்ட மாதிரி. ஏழு வருஷம் கஷ்டப்பட்டு வேண்டாம்னு சொல்லக் கத்துக்கிட்டேன் மாலக்கி. இப்ப வந்து ஏன் கத்துக்கிட்டேன்னு கேக்குறீங்களா?"

சரி, பழகினால் வராதது உண்டா என்று ஒத்திகை ஆரம்பித்தோம். நான்தான் ஹென்னிங். நாற்காலி மேல் ஏறி நின்றேன், உயரம் வர வேண்டுமே.

"அம்மா, பம்ப் வேண்டுமா?"

அட்ராக்டா மூச்சை இழுத்துப் பிடித்தாள். "உங்களுக்கு வேற வேலை இல்லன்னா..."

"வேண்டுமா, வேண்டாமா?"

"மத்தவங்களுக்கெல்லாம் குடுத்தப்புறம் மிச்சம் மீதி இருந்தா..."

"பம்புல என்னடி மிச்சம் மீதி! என்ன, பொங்கின சோறா?"

"நீ கத்துற கத்துல வர்ற ஆமாவும் உள்ள போயிடுது!"

மூன்று சாயங்காலம் இப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் டீலியா, கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா" என்றாள். சுத்தமான ஆமா. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எல்லோரும் கைதட்டினோம். அவள் உட்கார்ந்து அழுதாள். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது பேராசை என்று அதையும் சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தாளாம்.

ஹென்னிங்குக்கு போன் செய்து மறுபடி ஒரு தடவை வரச் சொன்னோம். போன வியாழக்கிழமை வந்தார், கொட்டுகிற மழையில், முகமெல்லாம் சிரிப்பாக. டீலியா வீட்டு வாசலிலேயே சொன்னார். "நான் சென்ற முறை பெரிய தவறு செய்துவிட்டேன். நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மையார் எனக்கு விளக்கினார். உங்கள் ஊரில் முதல் பதிலை நம்பக் கூடாது. மூன்று முறை கேட்க வேண்டும். மூன்றாவது பதில்தான் உண்மையான பதில்."

வேலிக்கு இந்தப் பக்கம் நான் ஏறி நிற்க ஒரு வாளியைத் தேடினேன்.

"டீலியா அம்மா, பம்ப் வேண்டுமா?"

"ஆமா!" என்றாள், கண்ணை மூடிக்கொண்டு, ஒத்திகையைவிட நன்றாக.

எல்லாம் தெரிந்தவர் போல அவர் புன்னகை செய்தார். "உண்மையாகவே வேண்டுமா?"

டீலியா கண்ணைத் திறந்தாள். "ஆமா... இருந்தா நல்லதுதான்."

"கடைசி முறையாகக் கேட்கிறேன். இதற்காகக் கவுன்சில் ஆள் போட்டு, ரோட்டைத் தோண்டி, புதிய மின்கம்பி இழுக்க வேண்டும். உறுதியாக வேண்டுமா?"

"ரோட்டைத் தோண்டணுமா! ஐயோ சாமி, வேணாங்க, வேணாங்க. இத்தனை பேருக்குத் தொந்தரவுன்னு தெரிஞ்சிருந்தா நான் வாயே தெறந்திருக்க மாட்டேனே."

அதை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். நான் வேலி மேல் ஏறி இரண்டு கையையும் ஆட்டினேன். அவரும் எனக்குக் கை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் ஆமா, ஆமா, வேண்டாம். அதற்கடுத்த வீட்டிலும் அதே. பொஷேனா இரண்டு ஆமா சொல்லிவிட்டு மூன்றாவது தடவை, "எதுக்கு இத்தனை தடவை கேக்குறீங்க? நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்று கதவைச் சாத்திவிட்டாள். மறுப்பு என்று எழுதிக்கொண்டார்.

இனி நான்தான் பாக்கி. அட்ராக்டாவை முன்கூட்டியே கடைக்கு அனுப்பிவிட்டேன், முழங்கை பயம் இல்லாமல் பேச. முதல் ஆமா, வாசலே அதிர்ந்தது. இரண்டாவது ஆமா, அதற்கும் மேலே. மூன்றாவது தடவை அந்த மனுஷர் என் தோளில் கையை வைத்தார். மூக்கு நுனியிலிருந்து மழைத்தண்ணி சொட்டுகிறது. பூட்ஸெல்லாம் சேறு. "மாலக்கி, நீங்கள் கேட்டால் நான் இன்றைக்கே போய்ச் சண்டை போட்டு வாங்கித் தருவேன். உறுதியாக வேண்டுமா?" என்றார். அக்கா, அத்தனை அன்பாக என்னிடம் யாரும் பேசி நாளாயிற்று. நான் வாயைத் திறந்தேன். வந்தது என் குரல் இல்லை, நம் அம்மா குரல். "பரவால்லைங்க, நாங்க எப்படியோ சமாளிச்சுக்கிறோம்." அம்மா செத்துப் பதினொரு வருஷம். அப்புறம் நான் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

சிரித்து முடித்துவிட்டாயா? இனிமேல் சிரிக்க ஒன்றும் இல்லை. சுகாதார ஆபீசர் நேற்று வந்து பார்த்துவிட்டுச் சொன்னார், பம்ப் நின்றால் முதல் நம்பர் வீட்டைத்தான் முதலில் பூட்டிச் சீல் வைப்பார்களாம். டீலியா தட்டுகளை ஒவ்வொன்றாகப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். கடல் தாண்டி, கவென்ட்ரியில் அவள் மகன் வீட்டில், துணி காயப்போடுகிற அறையில் ஒரு கட்டில் போட இடம் இருக்கிறதாம். எங்கள் வீட்டு மேல் அறை சும்மா கிடக்கிறது, வந்து இருங்கள் என்று நான் கேட்டேன். வேண்டாம்பா என்றாள். அட்ராக்டா கேட்டாள். வேண்டாம்மா என்றாள். மூன்றாவது தடவை இரண்டு பேரும் சேர்ந்து கேட்டோம், நாலாவது தடவையும் கேட்டோம். "நீங்களே அடுத்த மாசம் எங்கே போவீங்களோ," என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள். ஐம்பத்துமூன்று வருஷமாக இந்த ஊரில் வேண்டாம் கேட்டு வளர்ந்தவன் நான். அது எந்த வேண்டாம் என்று எனக்கே தெரியவில்லை. இருபத்துமூன்று வீட்டுச் சுவரை மழமழவென்று பூசினேன், அக்கா. அவள் வீட்டுச் சுவரில் போன வாரம் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருக்கிறது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், பூச்சு கையோடு வந்துவிட்டது. இதையும் அவள் பார்க்கக் கூடாதென்று அந்த இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனை வைக்கிறதற்கு முன்னால் நீ ஒன்று கேட்டாய். பம்ப் விஷயத்தை நம் ஊர்ப் பேப்பரில் படித்ததாகவும், வீட்டுப் பத்திரத்தில் என் பெயரோடு உன் பெயரும் இருப்பதால் நீயும் ஏழாம் நம்பரின் சொந்தக்காரிதானே என்றும், நீயே கவுன்சிலுக்கு போன் செய்து பேசட்டுமா என்றும் கேட்டாய். பெரிய மனசு உனக்கு. ஆனால் வேண்டாம் அக்கா. உனக்கு எதற்கு இந்த வயதில் இந்தச் சிரமம். அங்கிருந்து இங்கே போன் செய்து, யார் யாரிடமோ நின்று, உனக்கு மறுபடி கொதிப்பு ஏறினால் யார் பார்ப்பது. நாங்கள் எப்படியோ ஓட்டிவிடுவோம். எங்களை நினைத்துக் கவலைப்படாமல் மாத்திரையை வேளைக்குச் சாப்பிடு.

அட்ராக்டா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். உன் கூரைக்கு ஓட்டையும், உன் பாதைக்குப் பள்ளமும் இல்லாமல் ஆண்டவர் பார்த்துக்கொள்வாராக. மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும், கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் இந்தப் பக்கமும் ஒரு எட்டு வந்து போகட்டும்.

என்றும் உன் அடிக்குப் பயந்த தம்பி,
மாலக்கி

பின்குறிப்பு: அட்ராக்டா தபால்தலை தேட உள்ளே போயிருக்கிறாள், அவசரமாக எழுதுகிறேன். மேலே வேண்டாம் என்று எழுதினேனே, அது என் முதல் வேண்டாம். முப்பது வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டாய், மறந்திருப்பாயோ என்றுதான் சொல்கிறேன். தபால் போக ஒரு வாரம், வர ஒரு வாரம். நீ இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் கேட்டு நான் பதில் எழுதுவதற்குள் டீலியா வீட்டுக் கதவில் சீல் விழுந்துவிடும். ஆகவே அந்த இரண்டையும் நீ கேட்டுவிட்டதாகவும் நான் சொல்லிவிட்டதாகவும் வைத்துக்கொள். ஹென்னிங்கின் நம்பர் உறையின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு ஆபீஸில் இருப்பார், உனக்கு அது நாலு மணி, எப்படியும் நீ எழுந்துவிடுவாய். ஏழாம் நம்பர் சொந்தக்காரி என்று சொல்லு. ஆமாம் என்று ஒரே ஒரு தடவை சொல்லு. அவர், "உண்மையாகவே" என்று ஆரம்பித்ததும் போனை வைத்துவிடு.